இத்தாலிய விருந்தும் ஒரு டப்பா பிஸ்கோத்தும்

தலைநகரில் குடியேறிய நம்மவர் வீடுகளில் விருந்து என்றால் இன்ன இன்ன இருக்க வேண்டும் என்று ஒரு நியதி உண்டு. திருநெல்வேலிக்காரர் வீடானால் சொதி இல்லாமல் இராது. அதனோடு இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குக் கறியும் வந்துவிடும். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து 27 ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை காலமும் வழுவாமல் நடந்துவந்த அந்த நியதி, 2025 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு மட்டும் மாறிற்று.

என் மகள் மேற்படிப்புக்காக இத்தாலி தேசத்துப் பாதுவா நகருக்குப் புறப்படுவதாக இருந்தாள். 1222 ஆம் ஆண்டில் தோன்றிய சர்வகலாசாலை ஒன்று அங்கே இருக்கிறது. கலிலியோ 18 ஆண்டுகள் ஆசிரியராக இருந்த இடம் என்றால் அதன் பெருமை விளங்கும். "போகுமுன் ஒரு நாள் நம் வீட்டிலேயே இத்தாலிய விருந்து வைக்க வேண்டும். கடைசியில் நீ திராமிசு செய்து தரவேண்டும். ஆச்சியும் எங்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்" என்றாள். முதல் இரண்டும் கடினமல்ல. மூன்றாவது தான் கடினம்.

அதை விளக்க வேண்டுமானால் எங்கள் குடும்ப வழக்கத்தைச் சிறிது சொல்லியாக வேண்டும். என் அத்தை, அதாவது என் கணவரின் தாயார், 1971 இல் மத்திய சர்க்கார் குமாஸ்தாவாகிய கணவரோடு டில்லிக்கு வந்தவர். இப்போது வயது 84. சைவக் குடும்பம், வீட்டுக்குள் முட்டை என்ற பேச்சே கிடையாது. நான் பிறந்ததோ மதுரையில், ஞாயிறுதோறும் முட்டைக் குழம்பு மணக்கும் வீட்டில். எங்கள் திருமணத்துக்கு அத்தை ஒப்புக்கொண்டபோது சீர் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. என்னைத் தனியாக அழைத்து ஒன்றே ஒன்று சொன்னார். "உன்னை மாறச் சொல்லவில்லை. வெளியில் நீ என்ன சாப்பிட்டாலும் நான் கேட்கமாட்டேன். என் சமையலறையில் எனக்குத் தெரியாமல் ஒன்றும் நுழையக் கூடாது. அவ்வளவுதான்." நான் சரி என்றேன். எனக்கு அப்போது வயது 25. அந்த 'எனக்குத் தெரியாமல்' என்ற சொற்களை நான் அவ்வளவாகக் கவனித்ததாகச் சொல்லமுடியாது.

என் மகள் பள்ளியில் படிக்கும் காலத்தில், பக்கத்து வங்காளிக் குடும்பத்தார் கொடுத்த ஆம்லெட் ஒன்றைத் தட்டோடு வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். அதன்பின் அத்தை ஒரு மாதம் தம் அறையிலேயே சிறு அடுப்பு வைத்துத் தாமே பொங்கிச் சாப்பிட்டார். யாரையும் ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எங்களுக்குப் பெருந்தண்டனை. பிறகு ஒரு சமாதானம் ஏற்பட்டது. பால்கனியில் ஒரு மின்சார அடுப்பு, இரண்டு தனிப் பாத்திரங்கள். முட்டை அந்தப் பக்கம். சமையலறை இந்தப் பக்கம். இந்த எல்லைக்கோட்டை இன்றுவரை ஒருவரும் மீறியதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் திராமிசு! முட்டையின் மஞ்சட்கரு இல்லாவிட்டால் அதற்கு உயிரே இல்லை. திரெவீசோ என்ற ஊர் வெனிஸ் நகரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்குள்ள லெ பெக்கெரியே என்ற உணவுவிடுதியின் பட்டியலில் 1972 ஆம் ஆண்டு இந்த இனிப்பு இடம் பெற்றது. விடுதியை நடத்திய அதோ காம்பியோல் 2021 இலும், அங்கே சமையற்காரராக இருந்த ரொபெர்த்தோ லிங்குவனொத்தோ 2024 இலும் காலமானார்கள். அக்கம்பக்கத்துப் பிரியூலி நாட்டார், "இல்லை, எங்கள் தொல்மேத்ஸோ ஊரில் அதற்கு முன்பே இருந்தது" என்று வழக்காடுகிறார்கள். 2017 இல் இத்தாலிய விவசாய அமைச்சகம் அதைப் பிரியூலிப் பகுதியின் பாரம்பரியப் பண்டங்களின் பட்டியலில் சேர்த்தபோது திரெவீசோக்காரர்களுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நம் ஊரில் அல்வாவுக்கும் பால்கோவாவுக்கும் நடக்கும் சண்டைகளை நினைத்துக்கொண்டேன்.

பிறப்புக் கதைகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. காம்பியோலின் மனைவி ஆல்பா பிள்ளை பெற்றுத் தளர்ந்திருந்த சமயம், வலிவு உண்டாக அவருடைய மாமியார் கொடுத்த உணவிலிருந்துதான் இந்த எண்ணம் வந்ததாம். கதை எப்படியாயினும் அதற்கு அடிப்படை உண்டு. அந்தப் பகுதியில் மஞ்சட்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பது பழைய வழக்கம். அதற்கு 'ஸ்பாதுதீன்' என்று பெயர். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயத்தைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். 'திராமிசு' என்ற சொல்லுக்கும் 'என்னைத் தூக்கி விடு' என்பதுதான் பொருள்.

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். மாமியார் கதையைக் கேட்டுப் புன்னகை செய்தார். முட்டை என்றதும் புன்னகை போயிற்று. என் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, உங்களுக்குத் தனிப் பாத்திரம். முட்டையே கிடையாது. அம்மா செய்வாள். நீங்கள் உட்கார்ந்தால் போதும்" என்று கெஞ்சினாள். அத்தை என் முகத்தைப் பார்த்தார். "நீ பொறுப்பா?" என்றார். "நான் பொறுப்பு" என்றேன்.

பொறுப்பேற்றுக்கொண்டபின் நான் செய்த ஆராய்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. இத்தாலியப் பாலாடைக்கட்டிகளில் பேர்போன பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்த்தே செய்யவேண்டும் என்பது விதி. அதனால் பாஸ்தாவின்மேல் அதைத் தூவும் வழக்கத்தை விட்டேன். முந்திரியை வறுத்துப் பொடித்துத் தூவிக்கொண்டோம். திராமிசுவுக்கு வேண்டிய மஸ்கார்போனேயில் அந்த வம்பு இல்லை. பாலேட்டைச் சூடாக்கி, புளிப்புச் சேர்த்துத் திரையவைப்பதே அது. மார்ஸாலா என்ற மதுவைச் சேர்ப்பாரும் உண்டு. ஆனால் இத்தாலியச் சமையற்கலைக் கழகத்தார் 2010 இல் திரெவீசோவில் பதிவுசெய்து வைத்த செய்முறையில் மதுவும் இல்லை, வெண்கருவும் இல்லை. 12 மஞ்சட்கரு, அரைக் கிலோ சர்க்கரை, ஒரு கிலோ மஸ்கார்போனே, 60 பிஸ்கோத்து, காப்பி, கோகோப் பொடி. இவ்வளவே. நான் இதில் பாதி அளவு எடுத்துக்கொண்டேன். சர்க்கரையை அதிலும் பாதியாகக் குறைத்தேன். நமக்கு நாற்பது வயதுக்குமேல் அவ்வளவு இனிப்பு ஆகாது.

மஸ்கார்போனேயை வெள்ளிக்கிழமையே வீட்டில் செய்தேன். ஒரு லிட்டர் பாலேட்டை அடிகனத்த பாத்திரத்தில் ஊற்றி, இளந்தீயில் 85 டிகிரி வரை சூடாக்கி, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிஷம் கைவிடாமல் கிளறவேண்டும். பால் திரிவதுபோல் கட்டி கட்டியாகத் திரியாது. கரண்டியின் முதுகில் மெல்லப் படியும்படி கெட்டிப்படும், அவ்வளவுதான். ஆறியபின் மெல்லிய துணியில் ஊற்றி, வடிகட்டியின்மேல் வைத்துக் குளிர்பெட்டியில் இரவு முழுவதும் விட்டேன். கடையில் கிடைக்கும் பாலேட்டில் கொழுப்பு நூற்றுக்கு 25 பங்குதான். அதனால் என்னுடையது கொஞ்சம் நெகிழ்ச்சியாகவே இருந்தது. கொழுப்பு மிகுந்த பாலேடு கிடைப்பவர்கள் என்னைவிடப் பாக்கியசாலிகள்.

காப்பி விஷயத்தில் மட்டும் இத்தாலியருக்கு நாம் ஓர் அணுவும் குறைந்தவர்கள் அல்ல. அவர்கள் வீடுகளில் அடுப்பின்மேல் வைக்கும் மோகா என்ற பாத்திரத்தில் நீராவி, நீரை மேலே தள்ளிக் காப்பித்தூளின் வழியாகச் செலுத்துகிறது. 1933 இல் வந்தது அது. நம் பில்டரில் நீர் தன் கனத்தாலேயே சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது. அது மேலே போகிறது, இது கீழே வருகிறது; வித்தியாசம் அவ்வளவுதான் என்பது என் கட்சி. ஆனால் ஒரு எச்சரிக்கை: நாம் வழக்கமாக வாங்கும் தூளில் சிக்கரி கலந்திருக்கும். பாலோடு சேரும்போது அது நன்மையே செய்கிறது. கள்ளிச்சொட்டாக இறங்குவதும் அதனால்தான். இங்கே பால் இல்லை. சிக்கரியின் கசப்பு நாக்கில் தனியே நிற்கும். ஆகவே கரோல் பாகில் காப்பிக்கொட்டை அரைக்கும் கடைக்குப் போய், சிக்கரி சேர்க்காத தூள் வாங்கிவந்தேன். இரண்டு பில்டர்களில் முதல் டிகாக்ஷன் மட்டும் இறக்கி ஆறவைத்தேன்.

இனி பால்கனிப் பக்கம். பச்சை மஞ்சட்கருவை அப்படியே சேர்ப்பது பழைய செய்முறை. அதிலே கிருமி இருக்கக்கூடும் என்பதால் நான் சூடுகாட்டினேன். கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் இன்னொரு பாத்திரத்தை நீரில் படாமல் வைத்து, மஞ்சட்கருவையும் சர்க்கரையையும் விடாமல் அடித்துக்கொண்டே, உஷ்ணமானி 71 டிகிரியைத் தாண்டும் வரை காத்திருக்கவேண்டும். அதிகம் போனால் முட்டைப் பொரியலாகிவிடும். சொதி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. முதல் தேங்காய்ப்பாலை விட்டபின் கொதி வராமல் இறக்கவேண்டும் என்று அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்போமே, அதே நிற்பு, அதே பதைப்பு. ஆவணி மாதத்து டில்லிப் புழுக்கத்தில் பால்கனியில் நின்று அடித்ததில் எனக்கு வியர்த்த வியர்வைக்கு அளவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குள் இரண்டு பாத்திரங்களும் தயார். கண்ணாடிப் பாத்திரம் பெரியது, முட்டை சேர்ந்தது. எவர்சில்வர்ப் பாத்திரம் சிறியது, அத்தைக்கு. அதில் மஸ்கார்போனேயும் அடித்த பாலேடும் பொடித்த சர்க்கரையும் மட்டும். இரண்டிலும் காப்பியில் ஒரு நொடி தோய்த்த பிஸ்கோத்துகளை அடுக்கி, மேலே குழைவை இட்டு, மறுபடி அடுக்கி, மறுபடி இட்டு, குளிர்பெட்டியில் வேறு வேறு தட்டில் வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்?

நாலு மணிக்கு எலுமிச்சைத் தோலைக் குப்பைக்கூடையில் போடப் போனேன். மேலே ஒரு பிஸ்கோத்து உறை கிடந்தது. மழைக்காலத்து ஈரத்தில் நமுத்துப்போகாமல் இருக்க என் மகள் பிஸ்கோத்துகளை உறையிலிருந்து எடுத்துத் தகர டப்பாவில் கொட்டி வைத்திருந்தாள். நான் டப்பாவைத்தான் பார்த்தேனே ஒழிய உறையைப் பார்க்கவில்லை. உறையின் மூலையில் சதுரத்துக்குள் பழுப்பு நிற முக்கோணம். சைவம் அல்லாத பண்டத்துக்கு நம் நாட்டில் இடும் அடையாளம் அது. கீழே சேர்பொருள்களில் முதல் வரியிலேயே முட்டை.

பாலாடைக்கட்டியின் உறைபொருள் வரை துருவித் துருவி ஆராய்ந்தவள், பிஸ்கோத்து என்றால் மைதாவும் வெண்ணெயும்தானே என்று இருந்துவிட்டேன். சவோயார்தி என்னும் அந்த விரல் பிஸ்கோத்து அடித்த முட்டையின் நுரையாலேயே எழும்புவது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் முட்டை நூற்றுக்கு 26 பங்குக்குக் குறையக்கூடாது என்று இத்தாலியில் 2005 ஆம் ஆண்டு ஆணையே இருக்கிறதாம். இதைப் பிறகுதான் படித்தேன். அப்போது படித்திருந்தாலும் என் வயிற்றில் புளி கரைவது நின்றிராது.

என் கணவரை அழைத்து உறையைக் காட்டினேன். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். "சொல்லாதே" என்றார். "எண்பத்துநாலு வயது. பேத்தி போகப் போகிறாள். மறுபடி எப்போது ஒன்றாக உட்காரப் போகிறோமோ! சொன்னால் அம்மா எழுந்து அறைக்குப் போய்விடுவாள். சுட்ட பிஸ்கோத்தில் முட்டை எங்கே தெரியப்போகிறது?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் குரல் தழுதழுத்தது.

நான் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தேன். அவர் சொன்னதில் தவறென்ன என்று மனம் வாதாடிற்று. உடம்புக்கு ஒரு கெடுதலும் வராது. நாக்குக்கும் தெரியாது. எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். என் மகள் அந்த இரவை நினைத்துக்கொண்டே விமானம் ஏறுவாள். இதற்கு எதிராக நான் வைக்கக்கூடிய வாதம் ஒன்றுதான் இருந்தது. 27 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெண் 'சரி' என்று சொன்ன வாதம். அது மிகவும் இளைத்துப்போன வாதமாகவே அந்த நேரத்தில் தோன்றிற்று. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரை.

எழுந்து அத்தையின் அறைக்குப் போனேன். அவர் கட்டிலில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலைக்கென்று எடுத்துவைத்த புதுச் சேலை நாற்காலியில் மடித்துக் கிடந்தது. உறையைக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். பூதக்கண்ணாடியை எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"எப்போது தெரிந்தது?"

"அரை மணி ஆயிற்று, அத்தை."

"அரை மணி யோசித்தாயாக்கும்" என்றார். நான் பேசவில்லை. மறுப்பதற்கு என்ன இருக்கிறது?

சற்று நேரம் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அந்த எவர்சில்வர்ப் பாத்திரத்தைப் பால்கனிப் பக்கம் கொண்டுபோய் வை. அது இனி அந்தப் பக்கத்துப் பாத்திரம்" என்றார். நான் தலையசைத்துவிட்டுத் திரும்பினேன். "ஏ பிள்ளை," என்று அழைத்தார். "நான் தினமும் சாயங்காலம் காப்பியில் எதை முக்கித் தின்கிறேன்?"

ரஸ்க்! நாற்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் ரஸ்க் டப்பா காலியானதில்லை. அத்தை தாமே எழுந்து வந்து, ரஸ்க் உறையைப் பூதக்கண்ணாடியால் சோதித்து, பச்சைப் புள்ளியை இரண்டு தரம் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். மஸ்கார்போனே ஒரு கிண்ணம் மிஞ்சியிருந்தது. முதல் டிகாக்ஷன் தீர்ந்துவிட்டது, இரண்டாவதுதான் கிடைத்தது. ரஸ்க் வறண்டது, சவோயார்தியைப்போல் ஒரு நொடி தோய்த்தால் உள்ளே நனையாது. பத்து எண்ணும்வரை முக்கி எடுத்தேன். ஓரிரவு குளிர்ந்து இறுக வேண்டிய பண்டத்துக்கு மூன்றரை மணி நேரந்தான் கிடைத்தது.

விருந்தைப்பற்றி விரிக்க வேண்டியதில்லை. மகளின் தோழியர் மூவர் வந்திருந்தார்கள். காய்கறி சூப் நன்றாக இருந்தது. பாஸ்தா சற்றுக் குழைந்துவிட்டது. தக்காளிச் சாறின்மேல் கிள்ளிப் போட்ட பேஸில் இலையை அத்தை எடுத்து முகர்ந்து, "இது நம்முடைய திருநீற்றுப்பச்சை அல்லவா?" என்றார். உண்மைதான், இரண்டும் ஒரே இனம். பிள்ளையார் பூஜைக்குப் பறிக்கும் இலையை இத்தாலியர் பாஸ்தாவில் போடுகிறார்கள் என்பது அவருக்கு மிகுந்த ஆச்சரியம். அதிலேயே பாதி அந்நியம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கடைசியில் கண்ணாடிப் பாத்திரம் மேஜைக்கு வந்தது. அத்தையின் தட்டில் கோகோ தூவிய ரஸ்க் பண்டத்தை வைத்தேன். இறுகாமல் தட்டில் சரிந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஒரு கரண்டி எடுத்தார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

"டிகாக்ஷன் இரண்டாந்தரம்" என்றார்.

என் மகள் சிரித்த சிரிப்பில் கண்ணீரும் வந்துவிட்டது. எழுந்து வந்து ஆச்சியின் தட்டிலிருந்தே இரண்டு வாய் எடுத்துத் தின்றாள். தன்னுடைய தட்டைத் தொட்ட கரண்டியை மறந்தும் அதில் வைக்கவில்லை. புதுக் கரண்டி கொண்டுவந்தாள். அத்தை அதைக் கவனித்ததை நான் கவனித்தேன்.

அவள் போய்ச் சேர்ந்தபின் ஒரு விடுமுறையில் திரெவீசோவுக்குச் சென்று, அந்த ஊர்த் திராமிசுவைச் சாப்பிட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசினாள். "குழைவு உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, அம்மா. காப்பி நம்முடையதுதான்" என்றாள். முதல் பாதியை நான் அத்தையிடம் சொல்லவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் நம் செங்கோட்டையில் யுனெஸ்கோ சபையார் கூடி, மனித குலத்தின் வாழும் மரபுகள் என்ற பட்டியலில் நம் தீபாவளியையும், இத்தாலியரின் சமையலையும் ஒரே கூட்டத்தில் சேர்த்தார்கள். என் கணவர் பத்திரிகையை விரித்துச் செய்தியை உரக்கப் படித்தார். அத்தை காப்பியில் ரஸ்கை முக்கிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "இவள் செய்தாளே, அந்த ரஸ்க்குப் பலகாரம், அதையும் சேர்த்திருக்கிறார்களா?" என்று விசாரித்தார்.